நெற்றிப் பச்சையும் புருவ மையும்: அரைநிரந்தர ஒப்பனையின் சமூக வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1992ஆம் ஆண்டு மே மாதத்திலே தென்கொரிய உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கியது. வைத்தியரல்லாத ஒருவர் பிறர் புருவத்திற் பச்சைகுத்துதல் குற்றமாகுமா என்பதே அவ்வழக்கில் எழுந்த வினா. தோலை ஊசியாற் குத்திச் சாயத்தை உட்செலுத்துவது வைத்தியச் செயலே. ஆகவே வைத்தியரல்லாதார் அதனைத் தொழிலாகச் செய்தல் குற்றமே என நீதிமன்றம் முடிவு கூறிற்று. அந்த முடிவின் நிழலில் 33 ஆண்டுகள் கழிந்தன. 2025 செப்டெம்பரிலே அந்நாட்டுப் பாராளுமன்றம் பச்சைகுத்துவோர் பற்றிய தனிச்சட்டமொன்றை நிறைவேற்றிய பின்னரே, புருவத்தையும் இமையையும் உதட்டையும் ஊசியால் வரைந்து வாழ்க்கை நடத்திவந்த பெருந்தொகையினர் சட்டத்தின் கண்ணுக்குக் குற்றவாளிகளாக அன்றித் தொழிலாளராகத் தென்படுவதற்கு வழி பிறந்தது.

ஒப்பனை என்பது ஆராய்ச்சிக்குரிய பொருளா என்று நம்மிற் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். உடலின்மீது இடப்படும் குறி எதுவாயினும், அதனை யார் இடுகிறார், யாருடைய உடலில் இடுகிறார், என்ன பெயரால் இடுகிறார், அதற்கு யார் எதனைக் கூலியாகப் பெறுகிறார் என்ற வினாக்கள் எழுந்தவுடனே அது அழகியலின் எல்லையைக் கடந்து சமூக வரலாற்றின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. ஊசி, கரி, தோல் என்னும் மூன்றும் எக்காலத்தும் ஏறத்தாழ ஒன்றே. அவற்றைச் சுற்றி அமைந்த உறவுகளே மாறிவந்துள்ளன. ‘பச்சை’ என்றால் அநாகரிகம், ‘அரைநிரந்தர ஒப்பனை’ என்றால் நாகரிகம் என இன்று நிலவும் வேறுபாடு தொழில்நுட்பத்திலிருந்து பிறந்ததன்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலிற் செயலைத் தெளிவுபடுத்திக்கொள்வது நன்று. மேற்றோலுக்குக் கீழே, உட்டோலின் மேற்பகுதியில், நிறத்துகள்கள் ஊசிவழி வைக்கப்படுகின்றன. அந்நியப் பொருளை விழுங்கும் இயல்புடைய உயிரணுக்கள் அத்துகள்களை விழுங்கி அங்கேயே தங்கிவிடுகின்றன. அவ்வணுக்கள் இறக்கும்போது துகள்கள் வெளிவர, புதிய அணுக்கள் அவற்றை மீண்டும் விழுங்குகின்றன என்பதை எலிகளை வைத்து நடத்திய ஆய்வொன்று 2018இற் காட்டியது. நிலையானதென நாம் கருதும் குறி உண்மையில் ஓயாத கைமாற்றத்தின் விளைவு. கருங்கரி தோலின் அடியிலிருந்து பார்க்கையிற் பசுமை கலந்த நீலமாகத் தெரிவது ஒளிச்சிதறலால் நேர்வது. நம் மொழி அதற்குப் பச்சை என்று பெயரிட்டது கண்ணால் அறிந்த பௌதிகமாகும். கிராமத்துப் பச்சைக்கும் இன்றைய அழகு நிலையத்தில் மைக்ரோபிளேடிங் எனப்படும், மெல்லிய ஊசி வரிசையாற் கீறிப் புருவமயிர் வரையும் முறைக்கும் இவ்வடிப்படையில் எவ்வித வேறுபாடும் இல்லை.

தமிழ் மரபிலே இதற்கு ‘தொன்மை’ தேடப் புறப்படுவோர் சங்க இலக்கியத்துத் தொய்யிலைக் கொண்டுவந்து நிறுத்துவதுண்டு. தொய்யில் மகளிர் மார்பிலும் தோளிலும் குழம்பால் எழுதப்பட்ட அழியும் கோலமாகும். ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை. எல்லாம் எம்மிடம் முன்பே இருந்தன என நிறுவும் ஆர்வம் ஆராய்ச்சியாகிவிடாது. தொய்யில் எழுதுவோன் தலைவன், எழுதப்படும் இடம் களவும் கற்பும் சார்ந்த அகவுலகு. பச்சை குத்துபவளோ கூலிக்கு உழைக்கும் ஓர் அலைகுடிப் பெண். இவ்விரண்டையும் ஒன்றாக்கும்போது மறைந்துபோவது அப்பெண்ணின் உழைப்பே.

அவளைப் பற்றி நமக்கு எழுத்திற் கிடைப்பவற்றுட் பெரும்பகுதி குடியேற்ற ஆட்சியின் உத்தியோகத்தர் எழுதியவை. சென்னை அரசாங்க அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராயிருந்த எட்கார் தேர்ஸ்டன், 1909இல் ரங்காச்சாரியின் துணையுடன் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய நூலிலும், அதற்கு முந்திய குறிப்புகளிலும், பச்சைகுத்தலை விரித்து எழுதியுள்ளார். மஞ்சளும் அகத்தி இலையும் சேர்த்தரைத்த விழுதைத் துணியிற் பூசித் திரியாக்கி, எண்ணெய் விளக்கில் எரித்து, மட்பாண்டத்தின் உட்புறத்திற் படிந்த கரியைச் சுரண்டியெடுத்து, தாய்ப்பாலிலோ நீரிலோ குழைத்துக்கொள்ளும் முறை அவராற் பதிவு செய்யப்பட்டுள்ளது. இதனைத் தொழிலாகக் கொண்டோர் பெரும்பாலும் குறவர் சமூகப் பெண்கள். ஊரூராகச் சென்று, முன்னங்கையிற் கோலங்களையும் நெற்றியிலும் நாடியிலும் புள்ளிகளையும் குத்தி, தானியமாகவோ சில்லறையாகவோ கூலி பெற்றனர். நெற்றிப் புள்ளி அழியாப் பொட்டு. நாள்தோறும் இட்டுக்கொள்ளும் பொட்டின் வேலையை ஒருமுறை குத்திய பச்சை செய்துவிடுகிறது. நிரந்தர ஒப்பனை என்பதற்கு இதனைவிடத் தெளிவான இலக்கணம் வேண்டியதில்லை. நகைநட்டுகள் அடகுக்குப் போகும், அல்லது சாவின்போது கழற்றப்படும். பச்சை மட்டுமே உடன்வரும் என்ற நம்பிக்கை, நகை வாங்க வழியற்றோரின் நடுவிலே எவ்வளவு பொருளுடையதாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

தேர்ஸ்டனின் நூல் வெளிவந்து இரண்டாண்டுகளில், 1871இல் வட இந்தியாவிலே தொடங்கிய குற்றப் பரம்பரையினர் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டது. குறவர் சமூகத்தின் பல பிரிவுகள் பிறப்பாலேயே குற்றவாளிகளெனப் பட்டியலிடப்பட்டன. பதிவு செய்யப்பட்டோரின் விரல்ரேகையை எடுத்துக்கொள்ளவும், அவர்தம் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தவும் 1911ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. ஊர் சுற்றலே பிழைப்பாகக் கொண்ட தொழிலுக்கு ஊர் சுற்றுவதே குற்றமாயிற்று. பிறர் மேனியிற் குறியிட்டு வாழ்ந்த சமூகத்தின்மீது அரசு தன் குறியை இட்டது என்று கூறின் அது அணியலங்காரமன்று, சட்டநூலிலுள்ள செய்தி.

அரசின் ஊசிக்கு இதற்கும் முந்திய வரலாறு உண்டு. கிழக்கிந்தியக் கம்பனியின் வங்காள ஒழுங்குவிதியொன்று 1797இல், ஆயுட்தண்டனை பெற்ற கைதிகளின் நெற்றியிலே அவர்களது குற்றத்தைப் பச்சைகுத்தும்படி விதித்தது. ‘கோத்னா’ என்று வட இந்தியப் பெண்கள் தம் அழகுக்காகக் குத்திக்கொண்ட அதே முறை, அதே பெயராலேயே தண்டனையாக்கப்பட்டது. நெற்றியிற் குறியுடன் கைதிகள் கடல் கடந்த குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். 1849இலேயே இவ்வழக்கம் ஒழிக்கப்பட்டது. ஒரே நெற்றி, ஓரிடத்து அது அழியாப் பொட்டு, இன்னோரிடத்து அழியாக் குற்றப் பத்திரிகை. பச்சை என்ற சொல்லில் இன்றும் ஒட்டியிருக்கும் இழிவை ஆராய்வோர், சாதியை மட்டுமன்றிச் சிறைச்சாலையையும் கணக்கில் எடுத்தல் வேண்டும்.

இந்த இழிவு எவ்வாறு வேலை செய்கிறது என்பதை இக்கட்டுரையாளர் நூல்களிலிருந்து அறியவில்லை. மாணவப் பருவத்திலே மலையகத் தோட்டமொன்றில் ஒரு லயத்திற்குச் சென்றிருந்தபோது, கொழுந்து பறித்து ஓய்ந்த மூதாட்டி ஒருவர் தேநீர் தந்தார். அவரது முன்னங்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கோலம். அதைப் பற்றிக் கேட்டதும் சேலைத் தலைப்பை இழுத்துக் கையை மூடிக்கொண்டு, “அது அந்தக் காலத்து அறியாமை, தம்பி” என்றார். யாரோ அவருக்கு அச்சொல்லைக் கற்பித்திருந்தார்கள்.

இப்பொழுது இலண்டனை நோக்குவோம். தென்னிந்தியரின் பச்சை ‘பழங்குடி வழக்கம்’ என்று அளந்து வகைப்படுத்தப்பட்ட அதே தசாப்தங்களிலே, ஆளும் நாட்டின் மேல்வர்க்கத்தார் பச்சையை ஒரு நாகரிகமாக்கிக்கொண்டிருந்தனர். பின்னர் ஏழாம் எட்வேர்ட் ஆன இளவரசர் 1862இல் ஜெருசலேமிலும், பின்னர் ஐந்தாம் ஜோர்ஜ் ஆன அவர் மகன் 1881இல் யப்பானிலும் பச்சை குத்திக்கொண்டவர்கள். அவர்களை எந்த அருங்காட்சியகப் பொறுப்பாளரும் அளவு நாடா கொண்டு அணுகவில்லை. இலண்டன் ஜெர்மின் வீதியில் ஒரு துருக்கிக் குளியல் நிலையத்தைச் சார்ந்து சதர்லாந்து மக்டொனால்ட் தம் பச்சைக்கூடத்தை நடத்தினார். கனவான்கள் குளித்து எழுந்து குத்திக்கொண்டு போயினர்.

உற்பத்திக் கருவியில் ஏற்பட்ட மாற்றம் இக்கட்டத்திலே முக்கியமானது. தோமஸ் எடிசன் 1876இல் ஆக்கவுரிமை பெற்ற மின்பேனா அலுவலகத்துக்கென உருவாக்கப்பட்ட கருவி. காகிதத்தில் ஊசித்துளைகள் இட்டு, ஒரே கடிதத்தைப் பல பிரதிகளாக்கும் எழுதுவினைஞர் சாதனம் அது. அதன் இயக்கத்தைத் தழுவிய பச்சைகுத்தும் இயந்திரத்துக்கு நியூயோர்க்கிலே சாமுவேல் ஓரைலி 1891இல் ஆக்கவுரிமை பெற்றார். மக்டொனால்ட் தம்முடையதற்கு 1894இல் பெற்றார். காகிதத்துக்குப் பதிலாகத் தோல். கையால் ஒவ்வொன்றாகக் குத்திய புள்ளிகளை இயந்திரம் பன்மடங்கு விரைவில் குத்தியபோது, குறியிடல் ஒரு நகர்ப்புறச் சிறு கைத்தொழிலாயிற்று. அதற்குச் சந்தை தேவைப்பட்டது. கடலோடியும் படைவீரனும் பழைய வாடிக்கையாளர். புதிய சந்தை பெண்ணின் முகத்திலே கண்டுபிடிக்கப்பட்டது.

கன்னத்துக்குச் செம்மை, உதட்டுக்கு நிறம், குறைந்த புருவத்துக்கு நிழல் என்னும் வேலைகளை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே பச்சைகுத்துவோர் செய்தனர். 1953இற் காலமான இலண்டன் பச்சைகுத்துநர் ஜோர்ஜ் பேர்செட் இத்தகைய அழகுபடுத்தும் வேலைகளுக்கும் பெயர்பெற்றவர். அவரது நினைவுக் குறிப்புகள் 1958இல் நூலாயின. அழகு நிலையங்கள் பச்சை என்ற சொல்லை விலக்கி, தாவரச் சாயத்தைத் தோலினுள் ஏற்றும் சிகிச்சை என்ற பெயரில் இதனை விற்றதாக வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர். பெயரை மாற்றினால் வர்க்கம் மாறிவிடும் என்பதை வணிகர் அன்றே அறிந்திருந்தனர்.

எனினும் அது சிறு தொழிலாகவே நின்றது. இதனை ஒரு பெருந்தொழிலாக்கியது 1980களின் அமெரிக்கா. கண்வைத்தியர் கியோரா அங்கிரஸ் இமையோரத்தில் நிறம் பதிக்கும் முறையொன்றை 1984இல் ஒரு சத்திரசிகிச்சை ஆய்விதழில் விவரித்தார். 1986இல், மார்பகப் புற்றுநோய்க்குப் பின்னர் மீளமைக்கப்பட்ட மார்பில் முலைக்காம்பைச் சூழ்ந்த வட்டத்தைப் பச்சைகுத்தி நிறமேற்றும் முறை பற்றிய கட்டுரையும் வெளிவந்தது. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து ‘முதலாளித்துவச் சீரழிவு’ என்று முத்திரை குத்திவிட்டுப் போவது எளிது. நோயால் புருவம் உதிர்ந்த பெண்ணுக்கு, தீக்காயத்தால் முகத்தோல் நிறம் மாறியவருக்கு, இந்த ஊசி மனிதர் நடுவே கூச்சமின்றி நடமாட உதவுகிறது. அப்பயன்மதிப்பை மறுக்கும் மார்க்சியம் பொருள்முதல்வாதமாகாது. நமது வினா வேறு: அப்பயன்மதிப்பு எத்தகைய பண்டமாக உருக்கொள்கிறது?

அதற்கு உழைக்கும் பெண்ணின் முகத்தை நோக்க வேண்டும். அமெரிக்காவில் ரீனோ நகரத்துச் சூதாட்ட விடுதியொன்றிலே ஏறத்தாழ 20 ஆண்டுகள் மதுச்சாலைப் பணியாளராயிருந்த டார்லின் ஜெஸ்பர்சன், 2000ஆம் ஆண்டில் வேலையை இழந்தார். முகப்பூச்சு, கன்னச் சாயம், இமை மை, உதட்டுச் சாயம் ஆகியவற்றைப் பெண் பணியாளர் கட்டாயம் அணிதல் வேண்டும் என்று நிருவாகம் விதித்த விதிக்கு அவர் இணங்கவில்லை. ஆண் பணியாளருக்கோ ஒப்பனை தடை. வழக்கு 2006இற் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் விரிந்த அமர்வுக்கு வந்தபோது பெரும்பான்மை நீதிபதிகள் அவரது கோரிக்கையை நிராகரித்தனர். ஒப்பனைக்கு ஆணைவிடப் பெண்ணுக்குக் கூடுதல் நேரமும் பணமும் செல்கின்றன என்பதற்குச் சான்று சமர்ப்பிக்கப்படவில்லை. சான்றின்றி அதனை ஏற்க இயலாது என்றனர். விடியலில் எழுந்து வேலைக்குப் போகும் எந்தப் பெண்ணும் அறிந்த ஒன்றை அறியாதிருக்க அந்நீதிமன்றத்தால் முடிந்தது. உடன்படாத நீதிபதிகளும் இருந்தனர் என்பதைச் சொல்லிவைக்க வேண்டும்.

உழைப்புச் சக்தியைச் சந்தைக்குக் கொண்டுவருமுன் அதனை விற்பனைக்கேற்ற நிலையில் வைத்திருக்கும் வேலை தொழிலாளியின் தலையிலேயே விழுகிறது. சேவைத்துறையிலே முகமும் அந்த உழைப்புச் சக்தியின் பகுதி. நாள்தோறும் கண்ணாடி முன் செலவிடும் அரைமணி ஊதியமற்ற உழைப்பு நேரம். அரைநிரந்தர ஒப்பனை விற்பது இந்த அரைமணியையே. ‘எழுந்தவுடன் ஆயத்தம்’ என்ற பாணியில் வரும் விளம்பரங்களின் பொருள் இதுதான். அழகைவிட நேரமே விற்பனைக்கு வைக்கப்படுகிறது. நேரத்தை வாங்குபவள், அந்நேரத்தைத் தன்னிடமிருந்து கூலியின்றி எடுத்துக்கொண்ட ஏற்பாட்டைக் கேள்வி கேட்காமலே வாங்குகிறாள். கொரியாவில் வேலை விண்ணப்பத்திலே புகைப்படம் ஒட்டுவது நெடுநாளைய வழக்கம். தோற்றம், உயரம், எடை முதலிய வேலைக்குத் தொடர்பற்ற விபரங்களை விண்ணப்பதாரரிடம் கோருவதை 2019ஆம் ஆண்டுத் திருத்தமே அங்கு தடைசெய்தது. புருவம் வரையும் தொழில் அந்நாட்டிலே ஏன் அவ்வளவு பெருகிற்று என்பதற்கு இதனையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம் என்பது எனது கருத்து.

‘அரைநிரந்தரம்’ என்ற சொல்லையும் சற்று நிறுத்திப் பார்ப்போம். குறத்தி குத்திய பச்சை வாழ்நாளில் ஒருமுறை விற்கப்பட்டது. முதலீட்டின் கண்ணோட்டத்தில் அது மோசமான பண்டம். வாடிக்கையாளர் திரும்பி வரார். இன்றைய புருவமோ முதல் அமர்வுக்குச் சில வாரங்களின் பின் ஒருமுறையும், அதன்பின் ஓரிரு ஆண்டுகளுக்கொருமுறையும் ‘திருத்தம்’ வேண்டுவதாக அமைக்கப்பட்டுள்ளது. கரியினிடத்தைப் பெரிதும் இரும்பு ஒட்சைட்டு நிறங்கள் பிடித்தமைக்கும், ஊசி ஆழங்குறைந்து செல்வதற்கும் இயற்கைத் தோற்றம் ஒரு காரணம். மறுவரவு இன்னொரு காரணம். வேடிக்கை என்னவெனில், மங்குதல் வேறு, மறைதல் வேறு. நிறம் மங்கிச் செம்மையேறி நின்றுவிடும் புருவங்கள் உண்டு. இரும்பு ஒட்சைட்டும் வெள்ளை நிறத்துக்குரிய டைட்டேனியம் ஈரொட்சைட்டும் லேசர் ஒளிபட்டுக் கருத்துப்போவது 1990களிலேயே பதிவாகிவிட்டது. பாதி நிரந்தரம் என்பது தோலைப் பற்றிய உண்மையாவதைக் காட்டிலும் வருமானத்தைப் பற்றிய உண்மையாகவே பொருந்துகிறது.

சாயத்தின் நிலையோ இன்னும் தெளிவற்றது. தோலினுட் செலுத்துவதற்கென எந்த நிறப்பொருளையும் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் அங்கீகரித்ததில்லை. 2003, 2004ஆம் ஆண்டுகளிலே ஒரே வகை ஒப்பனைச் சாயங்களால் வீக்கமும் கட்டிகளும் ஏற்பட்டதாக 150இற்கு மேற்பட்ட முறைப்பாடுகள் அந்நிருவாகத்துக்கு வந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் ஏறத்தாழ 4000 இரசாயனப் பொருள்களை இச்சாயங்களிற் கட்டுப்படுத்தியது. ஆகவே ஒழுங்குவிதி வேண்டாம் என்பார் பக்கம் நாம் நிற்க முடியாது. ஊசி தூய்மையாயிருத்தல் வேண்டும். சாயம் ஆராயப்பட்டிருத்தல் வேண்டும். ஆனால் ஒழுங்குவிதி என்ற பெயரில் தொழிலை ஒரு பிரிவினரின் தனியுரிமையாக்குவது வேறு கதை. யப்பானும் கொரியாவும் இங்கு மிகுந்த படிப்பினைக்குரியன.

ஒசாக்காவைச் சேர்ந்த பச்சைகுத்துநர் ஒருவர் வைத்தியச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரப்பட்டு, கீழ் நீதிமன்றில் 2017இல் தண்டம் பெற்று, 2018இல் மேன்முறையீட்டில் விடுதலையானார். 2020 செப்டெம்பரில் யப்பானிய உயர்நீதிமன்றம் அவ்விடுதலையை உறுதிசெய்தது. பச்சைகுத்தல் கலை சார்ந்தது, மரபு சார்ந்தது, வைத்தியர் செய்வதென எவரும் எதிர்பாராதது என்பன அதன் காரணங்கள். ஆனால் புருவமும் இமையும் வரையும் ஒப்பனை வைத்தியச் செயலே என்ற நிலைப்பாட்டைச் சுகாதார அமைச்சு அதன்பின்னும் தளர்த்தவில்லை. முதுகு முழுதும் நாகமும் அலையும் குத்தினாற் கலை. புருவத்திற் பத்து மயிர் வரைந்தால் வைத்தியம்! முன்னையது பெரிதும் ஆண்களின் மரபு, பின்னையது பெரிதும் பெண்கள் பெண்களுக்குச் செய்யும் வேலை என்பதைச் சேர்த்து வாசித்தால் இவ்விந்தை சற்றே விளங்கும். ஆணின் கைவினை கலையென ஏறும்போது பெண்ணின் கைவினை ‘சேவை’ என இறங்குவதை நம் இலக்கிய வரலாற்றிலும் கண்டிருக்கிறோம்.

கொரியாவிலே 1992ஆம் ஆண்டுத் தீர்ப்பு வைத்தியரைப் புருவம் வரையச் செய்யவில்லை. தனியுரிமை பெற்றோரிற் பலர் அவ்வேலையைத் தொடவுமில்லை, தொட்டோர் குற்றவாளிகளாயினர். உரிமமற்ற வைத்தியத்தைத் தொழிலாகச் செய்வோருக்கான சிறப்புச் சட்டத்திலே குறைந்தபட்சத் தண்டனை 2 ஆண்டுச் சிறை. இதன் விளைவைத் தொழிலிடத்திலே காணவேண்டும். வேலை முடிந்தபின் பணம் தர மறுத்து, பொலிஸிற் சொல்லிவிடுவேன் என்று மிரட்டும் வாடிக்கையாளரிடமிருந்து பச்சைகுத்துநருக்குப் பாதுகாப்பில்லை. பாலியற் தொந்தரவுக்கு ஆளான பெண் முறையிடப் போனால் முதலிற் கைதாகுபவள் அவளே. சட்டவிரோதம் தொழிலை ஒழிக்கவில்லை, உழைப்பவரை மலிவாக்கிற்று.

2020இல் பச்சைகுத்துநர் தொழிற்சங்கமொன்று அங்கு உருவாகி, இரசாயன, புடவை, உணவுத் தொழிலாளரின் சங்கத்தோடு இணைந்தது. அதன் தலைமையிலிருந்த கிம் தோ-யூன், நடிகை ஒருவருக்குப் பச்சை குத்தியமைக்காக 2021 டிசெம்பரில் 50 இலட்சம் வொன் தண்டம் விதிக்கப்பெற்றார். 2022 மார்ச்சிலே அரசியலமைப்பு நீதிமன்றம் தடையைச் செல்லுபடியானதென உறுதிசெய்தது. ஆனால் ஐவருக்கு நால்வர் என்ற அளவில் மட்டுமே. ஒரு புருவத்துக்காக ஒன்பது நீதிபதிகள் இவ்வாறு பிளவுபட்ட பின்னர், வைத்தியர் சங்கத்தின் எதிர்ப்பையும் மீறி 2025ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது.

அச்சட்டம் அறிவிக்கப்பட்டு 2 ஆண்டுகள் கழிந்த பின்னரே நடைமுறைக்கு வரும். பச்சையையும் அரைநிரந்தர ஒப்பனையையும் அது ஒரே தொழிலாகவே கொள்கிறது. இவ்வளவு காலமும் வணிகர் பேணிய பெயர்வேறுபாட்டைச் சட்டம் பொருட்படுத்தவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தேர்ச்சிப் பரீட்சையும் அனுமதிப்பத்திரமும் சுகாதாரப் பயிற்சியும் கட்டாயமாகின்றன. குத்திய பச்சையை நீக்கும் வேலை மட்டும் வைத்தியருக்கே விடப்பட்டுள்ளது. பரீட்சைக்குக் கட்டணம் எவ்வளவு, பயிற்சிப் பள்ளிகளை நடத்தி இலாபம் பெறப்போவோர் யாவர், 20 ஆண்டுகளாக ஒளித்து வேலை செய்து கை பழகிய பெண் எழுத்துப் பரீட்சையில் எவ்வாறு நடத்தப்படுவாள் என்பன இனித் தீர்மானிக்கப்பட வேண்டியவை. அவற்றைத் தீர்மானிக்கும் மேசையில் தொழிற்சங்கத்துக்கு இடமுண்டா என்பதைப் பற்றியே அங்கு அடுத்த போராட்டம்.